பாட்டுக்கென்று ஒரு காற்று

நிலாவுக்கு வந்ததிலிருந்து சென்னியப்பன் எதைப் பற்றியும் புலம்பியதில்லை, காற்றைத் தவிர. பொட்டலச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டான். அரைமாதம் நீளும் இரவை, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மெச்சினான். கொஞ்சம் வேகமாக எழுந்தால் தலை கூரையில் முட்டும். அதையும் சிரித்துக்கொண்டே தடவிவிட்டுக்கொண்டான். காற்றை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை. அதில் பாட்டுக் கேட்க முடியாது என்பதுதான் அவன் வழக்கு.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெண்பாறைக் குடியிருப்பே ஹீலியம் தோண்டுவதற்காக உண்டானது. அதில் அரிய வகை ஒன்று பூமிக்குக் கப்பலேறிவிடும். கூடவே கொட்டோ கொட்டென்று கொட்டுகிற சாதாரண ஹீலியத்தைச் சீந்துவாரில்லை. நைட்ரஜனோ பூமியிலிருந்து வந்தாக வேண்டும். அது உரமாகி, உரம் கீரையாகித் தட்டுக்கு வரும். அதனால் குடியிருப்பைக் கட்டியவர்கள் சாமர்த்தியமாக யோசித்து, மூச்சுவிடுகிற காற்றில் ஆக்ஸிஜனோடு நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியத்தைக் கலந்துவிட்டார்கள். நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொண்டைக்குத் தெரிந்தது. பலூன் வாயுவை உறிஞ்சிவிட்டுப் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படித் தலைமைப் பொறியாளரிலிருந்து சமையல்காரர் வரை அத்தனை பேரும் வாத்துக்குஞ்சாகக் கீச்சிட்டார்கள்.

அதற்காக வந்ததுதான் காதுவில்லை. மாத்திரை அளவில் ஒரு கருவி. இரண்டு காதிலும் செருகிக்கொண்டால் எதிரே பேசுகிறவரின் கீச்சுக் குரலை இறக்கி, மனிதக் குரலாக்கித் தரும். அதில் ஆணுக்குச் சில மாதிரி, பெண்ணுக்குச் சில மாதிரி. ஆளுக்கு எது பொருந்தும் என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். எங்காவது காற்று கசிந்தால் அபாயச் சங்கு ஒலிப்பதும் அதற்குள்தான் என்பதால், தூங்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்று சட்டம். பிள்ளைகள் மட்டும் விளையாட்டு மும்முரத்தில் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும். பிடிபட்டால் திட்டு விழும்.

பேச்சுக்கு இந்த ஏற்பாடு போதும். பாட்டுக்குப் போதவில்லை. எது காதில் விழுந்தாலும் அதை ஒரு மனிதரின் கீச்சுக் குரலாக நினைத்து இறக்கிவிடுகிற வில்லை, வீணையைப் பிசைந்த மாவாக்கியது. ஒருமுறை அவன் தன் பட்டறையில் திருட்டுத்தனமாக அதைக் கழற்றிவிட்டும் கேட்டுப் பார்த்தான். ஹீலியக் காற்றில் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது பிரித்தறிவதற்குள் அது வந்து சேர்ந்துவிட, பாடகர் எதிரே நிற்பதற்குப் பதில் அவன் நெற்றிக்குள் ஒட்டிக்கொண்டார். சென்னியப்பன் வெறுத்துப் போய் வில்லையைத் திரும்பச் செருகிக்கொண்டான்.

கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனி வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டி செய்து வாழ்ந்த ஆள் அவன். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வாங்குவதற்கு முன் ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுவான். சுவர் என்ன பதில் சொல்கிறது என்று கேட்பான். பிறகுதான் உட்காருவான். ஸ்பீக்கர் சரியில்லை என்று குறைப்பட்டு வருகிறவர்களிடம் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: “பெட்டியக் குத்தஞ் சொல்றதுக்கு முன்னால ரூமைப் பாருங்க.” நிலாவிலும் அவன் கண் ஓர் அறையின் மேல் விழுந்தது. அவன் வீட்டை ஒட்டி, துளைக்கருவிகள் வைத்திருந்து காலி செய்த ஒரு கிடங்கு. அதற்கு இரட்டைக் கதவு போட்டு, உள்ளே இருக்கிற ஹீலியத்தை வெளியேற்றி, நைட்ரஜன் கலந்த பூமிக் காற்றால் நிரப்பிவிட்டால்?

கிடங்கு கிடைத்துவிட்டது. காற்றுப் பிரிவில் அவனே பொறியாளர் என்பதால் கதவும் குழாயும் பெரிய காரியமில்லை. நைட்ரஜன்தான் இடித்தது. ஆளுக்கு அளந்து தருகிற நைட்ரஜனில் அவன் பங்கு பாதிக்குத்தான் காணும். மீதி, மனைவி யசோதாவின் பங்கு. அதை நம்பித்தான் அவளுடைய கண்ணாடிக் கூண்டுத் தோட்டம் இருந்தது. தக்காளி, வெந்தயக்கீரை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கறிவேப்பிலைச் செடி. வெண்பாறை முழுக்க அவளிடம் கொத்துக் கேட்டு வருவார்கள். அறையை நிரப்பினால் தோட்டத்துக்கு உரம் கிடையாது. கதவில் கசிவு ஏற்பட்டால் பாட்டும் போச்சு, தாளிப்பும் போச்சு.

கேட்க வாயெடுப்பதற்கே சென்னியப்பனுக்குப் பல நாள் ஆயிற்று. யசோதா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கொடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“தர்றனுங்க. ஆனா உங்க பாட்டுக்கு முன்னால அந்த ரூமுல எம்புள்ள பேசோணும். நல்ல காத்துல அவ கொரலு எப்படி இருக்குதுன்னு டாக்டரம்மா ஒருக்காக் கேட்டுப்போட்டு, அப்புறமா முடிவு பண்ணட்டும்.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமாக அறையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

அவர்கள் மகள் தாரணிக்கு ஆறு வயது. நிலாவில் பிறந்த முதல் குழந்தை. ஊரே நிலா என்று பெயர் வைக்கச் சொன்னபோது, காலுக்குக் கீழே கிடக்கிறதை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று யசோதாதான் பூமியின் பெயரை வைத்தாள். குழந்தை துறுதுறுவென்று வளர்ந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பெற்றவர்கள் காதில் கரகரவென்று வெறும் இரைச்சல். வில்லை அவள் குரலைக் குரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பூமியிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் நன்றாகப் பேசின. இவளுக்குப் பின் இங்கே பிறந்த இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே கதி. எடை குறைந்த ஊரில் தொண்டைத் தசை சரியாக வளரவில்லை என்று டாக்டர் ஹசீனா முடிவுக்கு வந்திருந்தார். தொண்டைக்குள் ஒரு சில்லு வைத்தால் நாக்கும் உதடும் அசைவதைப் படித்து அது பேசும். ஆனால் அதற்குக் குரல் நரம்பைத் துண்டிக்க வேண்டும். சொந்தக் குரல் என்று ஒன்று அதோடு முடிந்தது. அறுவை மருத்துவர் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது.

ஹசீனா கல்மனசுக்காரர் அல்ல. தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்வதாகக் கண் கலங்கித்தான் சொன்னார். தாரணியோ பெரியவர்களிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா மட்டும் அவளுக்கு உயிர்த்தோழி. பூமியில் பிறந்து மூன்று வயதில் வந்த பெண் அது. இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பொழுதெல்லாம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்குப் பேச்சு எதற்கு, பார்வையே போதும் என்று பெரியவர்கள் ஆறுதல்பட்டுக்கொண்டார்கள்.

அறை எழும்ப ஆரம்பித்தது. சென்னியப்பன் நிலா மண்ணைச் சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்கினான். கப்பலில் வந்த பெட்டிகளின் மரச்சட்டங்களை, எதிரொலி உடைபடும்படி உயரம் தாழ்வாக அறுத்துப் பின்சுவரில் பதித்தான். நாற்காலி போடும் இடத்தைக் குறித்து, ஸ்பீக்கர் வரவிருந்த இடத்தில் காலிப் பெட்டிகளை நிறுத்திவிட்டு, தாரணியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, சத்தம் சுவரில் பட்டுத் திரும்புகிற இடம் அதுதான். அங்கே பஞ்சு வைக்க வேண்டும். தாரணி ஒரு சாண் தவறாமல் நகர்த்தினாள். பெட்டி கண்ணில் பட்டதும் அவன் கையைத் தூக்குவான், அவள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவாள். சுவர் முழுக்க அவள் குறிகளாக இருந்தன. அப்பனும் மகளும் அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஸ்பீக்கர் பெட்டியில்தான் அவன் மண்ணைக் கவ்வினான். வில்லை போட்ட காதை நம்பாமல், பட்டறையில் மைக்கை வைத்து, திரையில் ஒலியைக் காட்டும் கோட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாதம் மெனக்கெட்டு ஒரு ஜோடி செய்தான். கோடு நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. அறையில் புதுக் காற்றை நிரப்பி, பெட்டிகளை உள்ளே கொண்டுபோய், வில்லையைக் கழற்றிவிட்டுச் சோதனை ஒலியைக் கொடுத்தால், எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அடித்தொனி எங்கோ பாதாளத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. நாள் முழுக்கத் தலையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது. பட்டறையில் இருந்தது ஹீலியம். பெட்டியின் வாயும் வயிறும் அந்தக் காற்றுக்கு அளவெடுத்தவை. இந்தக் காற்றில் அவை வேறு பெட்டி. காற்றுப் பிரிவுப் பொறியாளரே காற்றை மறந்துவிட்ட கதையை அவன் யசோதாவிடம் சொல்ல, அவள் ஒரு வாரம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அந்த ஜோடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அறைக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டாவது ஜோடியைச் செய்தான். கொடுத்த வாக்குக்காக உள்ளே ஒரு பாட்டும் போடவில்லை, வாயையும் திறக்கவில்லை. சோதனை ஒலி, மைக், திரை, அவ்வளவுதான். இந்த முறை கோடும் நேர், காதும் நிறைந்தது.

குறித்த நாளில் ஹசீனா வந்தார். நாலு பேரும் வில்லைகளைக் கழற்றி வெளிக்கதவோரம் இருந்த கொக்கித் தட்டில் போட்டார்கள். பூமிக் காற்றில் வில்லை இருந்தால் நல்ல குரலையும் கெடுத்துவிடும்; அபாயத்துக்கு உள்ளே சிவப்பு விளக்கு இருந்தது. இரட்டைக் கதவுக்கு நடுவே இருந்த சிறு இடுக்கில் நின்றார்கள். உஸ்ஸென்று காற்று மாறியது. உள்கதவு திறந்தது. தாரணியை நடு நாற்காலியில் உட்காரவைத்து, யசோதா சைகையில் பேசச் சொன்னாள்.

தாரணி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

வந்தது பேச்சு இல்லை. கனத்த, அமுங்கிய, கூடத்துக்கு அடியில் எதையோ உருட்டுகிற மாதிரி ஒரு ஓசை. அவளே அதைக் கேட்டுப் பயந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“இன்னொருக்காச் சொல்லு சாமி, பயப்படாத” என்று ஒரு பெண் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான, தாழ்ந்த, இதமான குரல். யார் என்று திரும்பினான் சென்னியப்பன். யசோதாதான். அவளை அவன் சந்தித்ததும் கட்டியதும் இந்த ஊரில்தான். இத்தனை வருடமாக அவன் மனைவியின் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தது வில்லையில் இருந்த ஒரு மாதிரி. உணவுக்கூடத்தில் பரிமாறும் அம்மாவுக்கும் அதே குரல்தான். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அவன் மனசு ஒரு நொடி நின்று அந்தக் குரலைக் கேட்டது.

தாரணி மறுபடி பேசவில்லை. ஹசீனா குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தார். இனி சந்தேகத்துக்கு இடமில்லை, கப்பல் வந்ததும் செய்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். தோட்டத்தைக் கொடுத்து யசோதா வாங்கியது இதைத்தான். சென்னியப்பன் தன் அருமையான சுவர்களைப் பார்த்தான். எரிச்சலாக வந்தது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் கதவிடுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

உள்கதவு மூடியது. உஸ்ஸென்று ஹீலியம் திரும்ப வந்தது. வில்லைகள் இன்னும் வெளியே கொக்கித் தட்டில்தான் இருந்தன. சென்னியப்பனின் சட்டையை யாரோ கீழே இழுத்தார்கள்.

“அப்பா, உங்க ரூமு சரியில்லீங்கப்பா. உள்ள போனா என்ற கொரலு கெட்டுப்போகுது.”

தெளிவாக, மணிமணியாக, ஆறு வயதுப் பெண்ணின் குரலில்.

சென்னியப்பன் மண்டியிட்டு, “என்ன சாமி சொன்ன?” என்று கேட்டான். கேட்டது வாத்து. தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யசோதா, அழுகையும் பேச்சுமாக ஏதோ கீச்சிட்டாள். ஹசீனாவும் கீச்சிட்டார். அந்தக் கதவிடுக்கில் மூன்று பெரியவர்கள் வாத்தாகக் கத்திக்கொண்டிருக்க, ஒரு குழந்தைதான் மனுஷியாகப் பேசியது. ஜெசிந்தாவுக்கு எப்போதும் கேட்குமே என்றாள். தொட்டிக்குப் பின்னால் போனால் வில்லையைக் கழற்றிவிடுவோம் என்றாள். உங்களுக்குத்தான் கேட்கவே மாட்டேன் என்கிறது என்று அப்பாவைக் குற்றம் சொல்வதுபோல் முடித்தாள்.

வெளியே வந்து, வில்லைகளை ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு, மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சென்னியப்பன் கட்டிலடியிலிருந்து முதல் ஜோடியில் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தான்.

“டாக்டரம்மா, இதை நான் ஹீலியத்துல வெச்சு அளவெடுத்துச் செஞ்சனுங்க. இங்க அருமையா இருந்துச்சு. உள்ள கொண்டு போனா கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிருச்சு. பெட்டி மேல தப்பில்லீங்க, காத்து வேற. எம்புள்ளையும் இந்தக் காத்துக்குத் தன்னை அளவெடுத்துக்கிட்டாளுங்க.”

முடிச்சை அவிழ்த்தது ஹசீனாதான்.

“வில்லை அடுத்தவங்க குரலைத்தான் மாத்தும், நம்ம குரலை நமக்கு மாத்தாது. நாமெல்லாம் பேசக் கத்துக்கிட்டு இங்க வந்தவங்க, நம்ம கீச்சுக் குரலைக் கண்டுக்காம பழகிட்டோம். இந்தப் பிள்ளைங்க அம்மா குரலை வில்லையில நல்லாக் கேட்டிருக்கு, தன் குரல் அது மாதிரி இல்லைன்னு தெரிஞ்சிருக்கு. அது மாதிரி வர்ற வரைக்கும் நாக்கையும் தொண்டையையும் மாத்தி மாத்திப் பார்த்திருக்கு. வந்திருச்சு. ஏற்கெனவே சரியா இருக்கிற குரலை வில்லை இன்னொரு தடவை இறக்கி நாசம் பண்ணியிருக்கு.” நிறுத்திவிட்டு, “நான் அந்த நரம்பை வெட்டச் சொல்லியிருப்பேனே” என்றார். யசோதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஹசீனா தன் பட்டியலில் இருந்த மற்ற இரண்டு வீட்டுக்கும் நேராக நடந்தார். இரண்டு தாய்மார்களையும் ஒரு காது வில்லையைக் கழற்றச் சொன்னார். ஒரு வீட்டில் நாலு வயதுப் பையன் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது செருப்பு கடிக்கிறது என்பதுதான் என்று தெரியவந்தது. அந்த வாரத்துக்குள் வெண்பாறையில் புது வழக்கம் ஒன்று வந்துவிட்டது. பிள்ளைகள் பேச வந்தால் பெரியவர்கள் வலது காது வில்லையைக் கழற்றிவிட்டுக் குனிவார்கள். அபாயச் சங்குக்கு இடது காது போதும் என்று சட்டமும் திருத்தப்பட்டது. கப்பலில் வந்த அறுவை மருத்துவர் செய்ய வேலையில்லாமல், யாரோ ஒருவரின் பழைய குடலிறக்கத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

தாரணி பேசினாள். அம்மாடி, என்ன பேச்சு. ஆறு வருடத்துப் பாக்கியையும் சேர்த்துப் பேசினாள். அப்பாவுக்குத் தலை முட்டுவதைப் பற்றி, கறிவேப்பிலையைச் சாப்பாட்டில் ஒதுக்கிவைப்பதைப் பற்றி, ஜெசிந்தாவின் ரகசியங்களைப் பற்றி. யசோதா வேலையை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள். சென்னியப்பன் காலர் தூக்காத குறையாக ஊரெல்லாம் நடந்தான்; அவன் மகளிடம் இரண்டு வார்த்தை கேட்காமல் எவரும் அவன் வீட்டைத் தாண்ட முடியவில்லை.

நைட்ரஜனைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று அவனேதான் சொன்னான். அதற்கு முந்தின மாலை, தாரணியை ஜெசிந்தா வீட்டில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் அறைக்குள் போனார்கள். யசோதாதான் பாட்டுப் போடச் சொன்னாள். இவ்வளவு பாடுபட்டது அதற்குத்தானே என்றாள். சென்னியப்பன் வேண்டாம் என்றான்.

“நீ பேசு புள்ள. எதாச்சும் சொல்லிட்டே இரு. நான் கேக்கறேன்.”

அவள் வெட்கப்பட்டாள். பிறகு தன் ஊரைப் பற்றி, அண்ணன் பட்டியில் இருந்த எருமைகளைப் பற்றி, வாய்க்கு வந்ததைப் பேசினாள். அந்தக் கரகரத்த தாழ்ந்த குரல் எதிர்ச்சுவர் வரைக்கும் போய், எங்கும் சிதறாமல், அறையில் நிறைந்தது. சுவர்கள் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தன. அவ்வளவு அருமையாகக் கட்டிய அறையில், பூமிக் காற்றில், கடைசிவரை ஒரு பாட்டுக்கூட ஒலிக்கவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான்.

மறுநாள் வாயு குழாய் வழியே தோட்டத்துக்குப் போயிற்று. அறையில் ஹீலியம் நிறைந்தது. சென்னியப்பன் கட்டிலடியிலிருந்து முதல் ஜோடியைத் துடைத்து எடுத்துவந்து, இரண்டாவது ஜோடி நின்ற இடத்தில் வைத்தான். நாற்காலியில் தாரணி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் வலது காதை மட்டுமல்ல, கதவைச் சாத்திவிட்டு இரண்டு காதையும் காலி செய்துகொண்டார்கள். பாட்டு ஆரம்பித்தது.

“இன்னும் தள்ளி வைங்கப்பா” என்றாள் தாரணி. பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் நகர்த்தினார்கள். இன்னும், என்றாள். சுவரை ஒட்டும் தூரத்துக்குப் போனது. இன்னும் கொஞ்சம். பிறகு கையைத் தூக்கினாள், கண்ணாடி நகர்த்திய நாளில் அவன் தூக்கியதுபோலவே. சாக்பீஸை எடுத்துப் பெட்டியின் காலடியில் பெருக்கல் குறி போட்டாள். இப்போது பாடுகிறவர் நேராக எதிரில் நிற்கிறார் என்றாள்.

சென்னியப்பன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக் கேட்டான். பாடகர் இன்னும் அவன் நெற்றிக்குள்ளேதான் இருந்தார். ஆனால் கொஞ்சம் முன்னே வந்திருந்தார், மூக்கு நுனிக்கு. அதை வாத்துக் குரலில் மகளிடம் சொன்னான்.

தாரணி அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“அப்படித்தானுங்கப்பா இருக்கும். இந்தக் காத்துக்கு நீங்க இப்பத்தான வந்திருக்கறீங்க.”